கணக்கில் வராத முந்நூற்று நாற்பது பவுண்டு

— ட்ரெய்லர் வாலாட்டலைன்னு மட்டும் சொல்லாதே வெண்டல். கண்ணாடியில நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்.

— லேசா காத்து தள்ளுச்சு. கான்சாஸ்ல காத்தடிக்காம வேற என்ன அடிக்கும்?

— காத்தா? மாட்டு லாரி நம்மளத் தாண்டிப் போனதும் பின்னால வர்ற ட்ரெய்லர் என் ஜன்னலுக்குப் பக்கத்துல வந்து எட்டிப் பார்த்துச்சு. இழுத்துட்டு வர்ற வீடு முன்னால வந்து எனக்கு வணக்கம் சொல்லுது, நீ காத்துங்கறே.

— அடிச்சுப் பிடிச்சு நேராக்கிட்டேன்ல லவோன்?

— ஆக்கினே. அந்த அரை நிமிஷத்துல நீ கூப்பிட்ட சாமி பேரெல்லாம் நம்ம சர்ச்சுல கூடக் கிடையாது.

— வண்டி ஓட்டறவனுக்கு அந்த உரிமை உண்டு.

— நல்லாக் கேட்டுக்கோ. இன்னொரு தடவை வாலாட்டிச்சு, அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டுல என்னை இறக்கி விட்டுடு. நான் சலைனாவுக்கு என் மக ஷாரி வீட்டுக்குப் போயிடுவேன். அரிசோனாவுக்கு நீ தனியாப் போ. குளிர்காலம் பூரா இந்த ட்ரெய்லரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கு.

— நான் என் வீட்டை வித்துட்டேன். நீ உன் வீட்டை மகளுக்கு எழுதிக் குடுத்துட்டே. இனிமே ஊருக்குத் திரும்பறதில்ல, இந்த எட்டடி அகலம்தான் நம்ம வீடுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்? முதல் நாளே பஸ்சுங்கறே.

— உசிரு இருந்தாத்தானே வீடு? அதனாலதான் இந்த லாரி நிக்கிற இடத்துல திருப்பச் சொன்னேன். எதிர்ல எடை மேடை இருக்கு. ஏத்து.

— எதுக்கு? நாப்பது வருஷம் தானியக் கிடங்குல தராசுக்குப் பக்கத்துலயே உக்காந்தவன் நான். நம்ம ஊர்க்காரன் கோதுமையெல்லாம் என் கண்ணு பார்த்துத்தான் ரயில் ஏறிச்சு. கணக்குன்னா கணக்கு. இந்த ட்ரெய்லர்ல ஏறின ஒவ்வொரு சாமானையும் குளியலறைத் தராசுல வச்சுப் பார்த்துட்டுத்தான் ஏத்தினேன். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதியிருக்கேன். பிரிச்சு எடை போட்டதைக் கூட்டிக்கத் தெரியாதா எனக்கு?

— ஆமா, வாணலியை எடை போட்டே. ஊறுகாய் பாட்டிலை எடை போட்டே. என்னையே தராசுல ஏறி நிக்கச் சொன்னே. எழுபத்தோரு வயசுப் பொம்பளைகிட்ட அப்படிக் கேட்டுட்டு நீ இன்னும் நடமாடறதே பெரிய விஷயம்.

— நீ செருப்போட ஏறினே.

— வெண்டல், மேடை. ஏத்து.

— ஏத்தறேன், ஏத்தறேன். பல்லைக் கடிக்காதே, புதுசாக் கட்டின பல்லு.

— வாங்க கண்ணு, வாங்க! முன்சக்கரம் மொதப் பலகையில, பின்சக்கரம் ரெண்டாவதுல, ட்ரெய்லர் சக்கரம் மூணாவதுல நிக்கோணுமுங்க. இன்னும் ஒரு அடி... இன்னும் அரையடி... போதுமுங்க, அங்கேயே நில்லுங்க.

— யாரு இது, வானத்துலேருந்து பேசறது?

— அந்தக் கம்பத்துல ஸ்பீக்கர் இருக்கு பாரு வெண்டல். கையை நீட்டி பட்டனை அமுக்கிட்டுப் பேசு.

— நான் ட்ரூடிங்க, இங்க எடைச் சீட்டு எழுதறவ. அதா கண்ணாடிக்குள்ள கை காட்டறேன் பாருங்க. சீட்டுல யாரு பேரு போடறதுங்க?

— வெண்டல் ஹாஃப்னர்.

— பக்கத்துல இருக்கறது திருமதி ஹாஃப்னருங்களா?

— இல்ல. லவோன் ப்ரூவிட்.

— ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்லீங்க கண்ணு. எடை மேடைக்குக் கல்யாணப் பத்திரம் தேவையில்லீங்க. இப்ப அக்கட்டால போய் ட்ரெய்லரைக் கழட்டி விட்டுட்டு, இழுக்கற பிக்கப் வண்டியை மட்டும் இன்னொருக்கா ஏத்துங்க. ரெண்டையும் கழிச்சாத்தான் கொக்கி மேல எத்தனை பாரம் உக்காந்திருக்குதுன்னு தெரியும். சீட்டை நானே எடுத்துட்டு வாறேன்.

— கேட்டியா லவோன்? நீ உடனே ‘இல்ல’ன்னே. மூச்சு கூட விடாம.

— கேட்டாங்க, சொன்னேன். போய்க் கழட்டற வேலையைப் பாரு.

— கழட்டியாச்சு. பிக்கப்பும் மேடையில ஏறி இறங்கியாச்சு. இந்த ட்ரெய்லர் படியில கொஞ்சம் உக்கார்றேன்.

— இந்தாங்க ரெண்டு சீட்டும். எந்திரிக்க வேண்டாம், அந்தப் படியிலயே உக்காருங்க. ஏனுங்க, ரோட்டுல ஒரு மாட்டு லாரி உங்களைத் தாண்டிப் போச்சுங்களா?

— போச்சு. அவன்தான் காத்தைக் கிளப்பி விட்டான்.

— அவன் உள்ள ஓட்டல்ல உக்காந்து வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் தின்னுட்டிருக்கான். ‘பின்னால ஒரு பெரியவர் தன் சாவைக் கொக்கியில மாட்டி இழுத்துட்டு வாறாரு’ன்னு சொன்னான். நானும் இருபத்திரண்டு வருஷம் மாடு ஏத்தி ஓட்டினவதானுங்க, இப்ப முதுகு போயிருச்சு. அவன் சும்மா சொல்றானாக்கும்னு நினைச்சேன். சீட்டைப் பார்த்தா அவன் சொன்னதுதான் சரிங்க.

— அவனுக்கென்ன தெரியும்? இந்த பிக்கப் ஒன்பதாயிரத்து எண்ணூறு பவுண்டு இழுக்கும். விளம்பரத்துலயே போட்டிருக்கான்.

— விளம்பரத்துல அந்த வண்டியை ஓட்டறவன் ஒல்லியா, ஒத்தையா, மலை உச்சியில நிக்கறானுங்க. அவன்கிட்ட பெட்டியும் இல்ல, பொம்பளையும் இல்ல. உங்க டிரைவர் கதவைத் திறந்தா ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்குமே, படிச்சீங்களா?

— அது டயருக்குக் காத்து எவ்வளவுன்னு போட்டது.

— அதுக்கு மேல ஒரு வரி இருக்குதுங்க. வண்டி முதுகுல எத்தனை ஏத்தலாம்னு. நீங்க ரெண்டு பேரும், பின்னால இருக்கற சாமானும், கொக்கியை அமுக்கற பாரமும் எல்லாம் அதுக்குள்ள அடங்கோணும். அதுல உங்களுக்கு இன்னும் நிறைய இடமிருக்குதுங்க. கோளாறு வேற எடத்துல.

— புரியற மாதிரிச் சொல்லும்மா.

— ட்ரெய்லர் எடையில பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உக்காரோணுமுங்க. கொஞ்சம் கூட இருந்தாலும் குத்தமில்ல. உங்க ட்ரெய்லருக்கு எழுநூத்தி எண்பதாவது இருக்கோணும். இருக்கறது நானூத்தி நாப்பது. முன்னால பாரமில்ல, பின்னால குண்டி கனம். அதான் ஒரு லாரி தாண்டினதுக்கே ஆடுது.

— கேட்டியா வெண்டல்? காத்தாம் காத்து.

— நீ சும்மா இரு.

— அது கெடக்கட்டுமுங்க, கொக்கியில ஒரு ஸ்டிக்கர் இருக்குது, அதையும் நீங்க படிச்சிருக்க மாட்டீங்க. பாரத்தைப் பரப்பி விடற தாங்கு கம்பியை ரெண்டு பக்கமும் மாட்டினா ஆயிரம் பவுண்டு தாங்கும், மாட்டலைன்னா ஐநூறுதான். கம்பியைக் காணோமே?

— பெட்டியில இருக்கு.

— பெட்டியில யாருக்குங்க வச்சிருக்கீங்க, பேரனுக்கா?

— அதை மாட்டணும்னா குனிஞ்சு நெம்பணும். முட்டி விடாது.

— முட்டியைச் சொல்லி எமனைத் திருப்பி அனுப்ப முடியாதுங்க கண்ணு. இன்னொண்ணு. ட்ரெய்லரோட மொத்த எடை ஏழாயிரத்து எண்ணூத்தி இருபது. ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல போகக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே ஒட்டியிருக்கான்.

— எவ்வளவுன்னே?

— ஏழாயிரத்து எண்ணூத்தி இருபதுங்க.

— இருக்கவே முடியாது. என் கணக்குல ஏழாயிரத்து நானூத்தி எண்பது. ஸ்பூன் வரைக்கும் சேர்த்து.

— தராசு பொய் சொல்லுதுங்களா அப்ப?

— தராசு பொய் சொல்லாது. நாப்பது வருஷமா நான் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தேன். ஆளுங்கதான் பொய் சொல்லுவாங்க. ஒருத்தன் கோதுமைக்கு நடுவுல தண்ணி நிரப்பின ட்ரம்மைப் புதைச்சு எடுத்துட்டு வந்தான். ஒருத்தன் எடை போடும்போது மாமியாரை வண்டியில படுக்க வச்சு சாக்கைப் போட்டு மூடியிருந்தான். ரெண்டு பேரையும் நான் கண்டுபிடிச்சேன். முந்நூத்தி நாப்பது பவுண்டு எனக்குத் தெரியாம ஏறியிருக்கு. கணக்குன்னா கணக்கு.

— மேடையில பனி இருந்திருக்கும் வெண்டல்.

— அக்டோபர் மாசத்துல, பட்டப்பகல்ல பனியா?

— தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்குதுங்களா?

— நிறைஞ்சிருக்கு. முந்நூத்தி எண்பது பவுண்டு. அது பட்டியல்ல இருக்கு.

— எதுக்குங்க இத்தனை தண்ணியைச் சுமந்துட்டுப் போறீங்க? அரிசோனாவுல குழாயில்லீங்களா?

— அந்த ஊர்த் தண்ணியில காபி போட்டா ஊற வச்ச செருப்பு மாதிரி இருக்கும். எங்க ஊர்த் தண்ணி குடிச்சுப் பழகின நாக்கு.

— நாக்குக்காக நாலு மாநிலம் தூக்கிட்டுப் போறாரு இந்த மனுஷன். நான் சொன்னப்ப, உனக்கு ருசி தெரியாதுன்னாரு.

— தொட்டி எங்க இருக்குதுங்க?

— சக்கரத்துக்குப் பின்னால.

— சரியாப் போச்சு. முன்னால போக வேண்டிய பாரமெல்லாம் பின்னால. இன்னும் பின்னால என்னதானுங்க இருக்குது?

— இரு, கதவைத் திறந்து படிக்கறேன். என் கருவிப் பெட்டி, நூத்தித் தொண்ணூறு, முன்னால. அவ பாத்திரம், தட்டு, சட்டியெல்லாம் நூத்தி அறுபது, நடுவுல. துணி, நடுவுல. டப்பா சாமான், கோஸ் பன் செய்யற மாவு, நடுவுல. பின்பெட்டி... கிறிஸ்துமஸ் சாமான், அறுபது. லவோன், பின்பெட்டியை நான் எடை போடலை. நீ சொன்னே, நான் எழுதினேன்.

— போட்டேல்ல, தராசுல வச்சே.

— கட்டிலுக்கு அடியில பூட்டின பெட்டியைக் குளியலறைத் தராசுல எப்படி வைப்பேன்? நீதான் நட்சத்திரம், குடில், விளக்கு மாலை, எல்லாம் சேர்த்து அறுபதுன்னே.

— குடில்ல ஒட்டகம் மூணு இருக்கு.

— ஒட்டகம் நிஜ ஒட்டகமா லவோன்?

— சாவியைக் காணோம்.

— உன் கழுத்துல தொங்கறது என்ன?

— அது... ஷாரி வீட்டுச் சாவி.

— கண்ணு, எனக்கு வேலை கெடக்குது, ஆனா போகறதுக்கு மனசு வரலீங்க.

— இரு ட்ரூடி, சாட்சியா இரு. லவோன், என்னைப் பார்த்துச் சொல்லு. அது வர்ஜிலோட பட்டடைக் கல்லுதானே?

— என்னது?

— லாடம் அடிக்கறதுக்கு அவன் வச்சிருந்த இரும்புப் பட்டடை. அதோட எடை எனக்குத் தெரியும், கிடங்குல ஒரு தடவை நானே பார்த்திருக்கேன். முந்நூத்திச் சில்லறை. அதை எடுத்துட்டு வந்திருக்கே.

— வர்ஜில் யாருங்க?

— இவளோட புருஷன்.

— அவர் உசிரோட...?

— செத்து ஒன்பது வருஷமாச்சு. ஆனா நம்ம வண்டியில இடம் பிடிச்சுட்டு வர்றான். கிளம்பறதுக்கு முன்னால ஒரே ஒரு ஒப்பந்தம்தான் போட்டோம். வர்ஜில் சாமான் ஒண்ணுகூட ட்ரெய்லர்ல ஏறக் கூடாது. அவன் தொப்பி கூடாது, அவன் படம் கூடாது, அவன் பைப் கூடாது. அதுக்கு பதிலா என் மீன் பிடிக்கற தூண்டில் அத்தனையும் நான் விட்டுட்டு வந்தேன்.

— பட்டடை ஷாரி வீட்டுக் கொட்டகையில இருக்கு. போன் போட்டுக் கேளு.

— அப்ப பெட்டியைத் திற.

— அரிசோனா போனதும் திறக்கறேன். உன் பிறந்தநாளன்னிக்கு.

— அரிசோனா போனதும்! கொஞ்ச நேரம் முன்னால நம்ம ரெண்டு பேரும் ரோட்டுல கவுந்து செத்திருப்போம். அப்பவும் அது என்னன்னு சொல்லியிருக்க மாட்டே.

— சொல்ல வாய் இருந்திருக்காதே.

— சிரிக்காதே லவோன். எனக்கு நெஞ்சு எரியுது. ட்ரூடி, நீயே நியாயம் சொல்லு. நான் இவளை மூணு தடவை கேட்டேன், என்னைக் கட்டிக்கோன்னு. மூணு தடவையும் வேண்டாம்னா.

— நீ எப்படிக் கேட்டேன்னு அதையும் சொல்லு. முதல் தடவை சந்தைத் திருவிழாவுல, தாடையில கடுகுச் சாறு ஒழுக ஒழுக. ரெண்டாவது தடவை சர்ச்சு மீன் விருந்துல, வரிசையில நின்னுக்கிட்டு, ‘உருளைக்கிழங்கு வேணுமா, என்னைக் கட்டிக்கறியா’ன்னு ஒரே மூச்சுல. நான் உருளைக்கிழங்குக்கு ஆமான்னேன்.

— மூணாவது?

— மூணாவது அவசரச் சிகிச்சைப் பிரிவுல. இவருக்குச் சிறுநீரகத்துல கல்லு. ஊசி போட்டிருந்தாங்க. எனக்கு முன்னால அந்த நர்ஸம்மாவையும் கேட்டாரு.

— மயக்கத்துல கேட்டாலும் கேட்டது கேட்டதுதான். அன்னிக்கு முடிவு பண்ணினேன், நாலாவது தடவை கேக்கறதில்லன்னு. கேக்கவும் மாட்டேன். ஏன்னு சொல்லட்டுமா ட்ரூடி? எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல கோடைக்கு கோடை புல் வெட்டறவன் நான்தான். வர்ஜில் போனப்பவே ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல்லா நட்டுட்டாங்க. இந்தப் பக்கம் வர்ஜில் ப்ரூவிட், அந்தப் பக்கம் லவோன் ப்ரூவிட். நடுவுல ரெண்டு மோதிரம், கல்யாணத் தேதி. இவ பிறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு போட்டு, பக்கத்துல காலியா விட்டிருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நான் இவ பேரைச் சுத்திப் புல்லு வெட்டினேன். வீட்டுக்கு வந்தா இவ எனக்குச் சோறு போடுவா. இவளுக்கு அங்க ஒரு சீட்டு ரிசர்வ் ஆகியிருக்கு. நான் நடுவுல கொஞ்ச தூரம் கூட வர்றவன்.

— அப்படி நினைச்சியா வெண்டல்?

— வேற எப்படி நினைக்கறது?

— இத்தனை நாள் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

— சொல்லி? செத்தவன்கூட எடத்துக்குச் சண்டை போடறதா? எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பெட்டியைத் திற லவோன். அவன் சாமான் அதுல இருந்துச்சுன்னா நானே உன்னை பஸ் ஏத்தி விடறேன். அரிசோனாவுக்குத் தனியாப் போறேன். ஆடினாலும் பரவாயில்ல, கவுந்தாலும் பரவாயில்ல.

— அழகாத்தான் பேசறே. இந்தா சாவி.

— குடுங்க, நான் திறக்கறேன். அவருக்குக் குனிய முட்டி விடாது. ...ஏனுங்க, இங்க நட்சத்திரத்தையும் காணோம், ஒட்டகத்தையும் காணோம். கம்பளி போர்த்திப் படுக்க வச்சிருக்குதுங்க. நல்ல கனம். ஐயோ! கல்லுங்க இது. கல்லறைக் கல்லு!

— வர்ஜில் கல்லு. செவப்பு கிரானைட்டு, ஓரத்துல கோதுமைக் கதிர். எனக்குத் தெரியாதா? பட்டடைன்னு நினைச்சேன். இவ அவன் தலைமாட்டையே பேத்து எடுத்துட்டு வந்திருக்கா.

— அந்த மாட்டு லாரிக்காரன் வாயில சக்கரையைப் போடோணும். சாவை இழுத்துட்டு வாறாருன்னான்!

— ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? வெண்டல், ஓரத்தைத் தொட்டுப் பாரு. ஒரு பக்கம் மொழுமொழுன்னு இருக்கும், ஒரு பக்கம் புதுசா அறுத்த சொரசொரப்பு. வர்ஜில் பாதி அங்கதான் நிக்குது. இது என் பாதி.

— அறுத்துட்டியா?

— கல்லுக்காரன் அறுத்தான். நாலு மணி நேரம். செப்டம்பர்ல உன் புல்லு வெட்டற வேலை முடிஞ்ச மறு வாரம். நீ முடி வெட்டப் போன நேரத்துல அவனும் அவன் மச்சானும் சங்கிலி போட்டுத் தூக்கி உள்ள வச்சாங்க. கிறிஸ்துமஸ் சாமானை ஷாரிக்குக் குடுத்துட்டேன். பின்னால கதவு இருக்கு, பின்னால வச்சான். அது வாலாட்டும்னு எனக்கென்ன தெரியும்? நான் என்ன தராசுக்காரியா?

— நானூறு பவுண்டு! கிறிஸ்துமஸ்னு பொய் சொன்ன அறுபது போக முந்நூத்தி நாப்பது. கணக்குச் சரியா வந்துடுச்சு... மோதிரம் ரெண்டும் என்ன ஆச்சு? நடுவுலல்ல இருந்துச்சு?

— மோதிரம் வர்ஜில் பாதியில இருக்கு. அவன் நல்ல மனுஷன் வெண்டல். முப்பத்தெட்டு வருஷம் என்கூட இருந்தான். அவனுக்குச் சேர வேண்டியதை நான் அறுத்து எடுத்துட்டு வர மாட்டேன். என்னை மட்டும்தான் எடுத்துட்டு வந்தேன்.

— எதுக்கு?

— இனிமே ஊருக்குத் திரும்பறதில்லன்னு நீதானே சொன்னே? நீ எந்த ஊர்ல வண்டியை நிறுத்தறியோ அந்த ஊர்ல நடறதுக்கு. வேற எதுக்கு ஒருத்தி தன் கல்லறைக் கல்லைக் கூடவே தூக்கிட்டு அலைவா?

— பெரியவரே, மூச்சு விடுங்க.

— விடறேன், விடறேன். சரி. சரி லவோன். சந்தோஷம்தான். இல்லன்னு சொல்லலை. ஆனா பார், அரிசோனா மண்ணுல நான் ஹாஃப்னர்னு படுத்திருப்பேன். நீ பக்கத்துல ப்ரூவிட்டுன்னு படுத்திருப்பே. போறவன் வர்றவன் பார்த்தா, யாரோ ரெண்டு பேரு பஸ்சுல பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைச்ச மாதிரின்னு நினைப்பான்.

— கெடைச்ச சீட்டுல உக்காரத் தெரியாதா உனக்கு? ட்ரூடி, இதை இப்ப என்ன பண்றது? இங்கயே விட்டுட்டுப் போக மாட்டேன்.

— விட வேண்டாமுங்க. தண்ணியை மொதல்ல திறந்து விடுங்க, முந்நூத்தி எண்பது போயிரும். கல்லைத் தூக்கி முன்பெட்டியில வைங்க. அதுக்கப்புறம் உங்க பெரியவரே கணக்குச் சொல்லட்டும்.

— மொத்தம் ஏழாயிரத்து நானூத்தி நாப்பது. அறுநூறுக்குக் கீழ. கொக்கி மேல தொள்ளாயிரத்துக்குப் பக்கம் உக்காரும். பத்துல ஒரு பங்குக்கு மேலேயே.

— வாலு நின்னுரும். ஆனா தொள்ளாயிரம்னா தாங்கு கம்பி மாட்டியே ஆகோணும்.

— மாட்டறேன். முட்டி போனாப் போகட்டும்.

— காபி?

— செருப்பு ஊறின தண்ணியிலயே குடிக்கறேன். என்னத்தைச் செய்ய.

— எழுதி வச்சுக்கறேன் இதை. தேதி போட்டு.

— ஏப்பா! வறுத்த கறி தின்னது போதும், நாலு பேரு கையைத் தொடைச்சுட்டு இங்க வாங்க! கல்லு ஒண்ணு தூக்கோணும்! ...மாட்டு லாரிக்காரனும் வாறான் பாருங்க. அவனுக்குத்தான் பார்க்க ஆசை.

— ட்ரூடி, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடு. கவுத்து வச்ச மாதிரியே தூக்கணும். கவுத்த மாதிரியே முன்னால வைக்கணும். கம்பளியை எடுக்கக் கூடாது.

— ஏன் லவோன்?

— எழுத்துல கீறல் விழும்.

— கிரானைட்டுல கம்பளி போர்த்தினா கீறல் விழுமா? நாப்பது வருஷம் பொய் சொல்றவங்க மூஞ்சியைப் பார்த்தவன் நான். காது செவந்துடுச்சு உனக்கு.

— வெயில்.

— பிடிச்சாச்சுங்களா? ரெண்டு பேரு தலைமாட்டுல, ரெண்டு பேரு கால்மாட்டுல. வெளிய இழுங்க. மெதுவா... மெதுவா... சொரசொரப்புப் பக்கம் பிடி கிடைக்கலைங்கறான். கொஞ்சம் திருப்பிக்கறாங்க கண்ணு.

— திருப்பாதீங்க! கவுத்தபடியேன்னு சொன்னேனே!

— திரும்பிருச்சுங்க. கம்பளியும் விழுந்துருச்சு. ஒண்ணும் ஆகலை, எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ...ஏனுங்க கண்ணு, சீட்டு எழுதறப்ப நான் சரியாக் கேட்டேனா? உங்க பேரு ப்ரூவிட்டுன்னுதானே சொன்னீங்க?

— அவ பேரு ப்ரூவிட்தான். நான்தான் அதைச் சுத்திப் புல்லு வெட்டினவன்.

— இதுல பழைய எழுத்தைத் தேய்ச்செடுத்துட்டு ‘லவோன் ஹாஃப்னர்’னுல்ல செதுக்கியிருக்குது.

— நாலாவது தடவை கேக்க மாட்டேன்னு நீ வீம்பு பிடிச்சே. மூணு தடவை வேண்டாம்னு சொன்ன வாயால நான் எப்படிப் போய்க் கேக்கறது? அதான் எழுதிக் காட்டிடலாம்னு பார்த்தேன். உன் பிறந்தநாள் வரைக்கும் பொறுக்கத் தெரியலை உனக்கு. தராசுக்காரன் புத்தி.

— ஐயோ பெரியவரே, ட்ரெய்லர் படியில உக்காந்து இப்படி அழுதா எடை கூடிப் போய் நான் மறுபடியும் சீட்டு அடிக்கோணும். எந்திரிங்க. அங்க பாருங்க, பசங்களுக்குக் கை வலிக்குது, நடுவழியில தூக்கிட்டு நிக்கறாங்க. எங்க வைக்கறதுன்னு சொல்லுங்க.

— முன்னால! முன்னால கொண்டு போங்க! ஏய், அந்த மூலையை இறக்காதே, மெதுவாடா மாட்டு லாரிக்காரா... கீழ போட்டுத் தொலைச்சே, அவ்வளவுதான். அது என் பொண்டாட்டி!